பல் பிடுங்கிய பிறகு என்ன வைக்கலாம்?

நம்ம திருவெள்ளறையில் யாராவது திருச்சிக்குப் போய்ப் பல் பிடுங்கிக்கிட்டு வந்தால் தெருவே வைத்தியம் சொல்லும். என் அண்ணனுக்குக் கடைவாயில் ஞானப்பல்லை அறுத்து எடுத்தபோதும் அப்படித்தான். துறையூர் பஸ் மண்ணச்சநல்லூர் தாண்டுவதற்குள் மரப்பு ஊசி விட்டுப்போய் வலி ஆரம்பித்துவிட்டது. அப்பாயி கிராம்புத் தைலம் என்றார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா புகையிலை என்றார்கள். இன்னொருவர் கண்டங்கத்திரிப் புகை பிடிக்கச் சொன்னார். இதில் எது சரி என்று நான் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டி உண்டாகும். முட்டியில் சிராய்த்தால் பொருக்கு கட்டுமே, அது மாதிரி. அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பையும் மூடிக் காப்பது அதுதான். அது பெயர்ந்துவிட்டால் 2 முதல் 4 நாளில் காதுவரை இழுக்கும் வலி வரும், வாயும் நாறும். இதற்கு ‘ட்ரை சாக்கெட்’ என்று பெயர். 1896இல் கிராஃபோர்ட் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். அதனால் முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கக் கூடாது, காறித் துப்பக் கூடாது, இளநீரைக்கூட ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. எந்த மருந்தானாலும் இந்த ரத்தக்கட்டியைக் கெடுக்குமா என்றுதான் பார்க்க வேண்டும்.

கிராம்பு நல்ல மருந்து, சந்தேகமே இல்லை. அதில் உள்ள யூஜினால் நரம்பை மரத்துப்போகச் செய்கிறது. பல் டாக்டர் அறைக்குள் போனதும் ஒரு வாசனை வருமே, அது பெரும்பாலும் இதுதான்! துத்தநாக ஆக்சைடோடு யூஜினாலைக் கலந்துதான் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள். ட்ரை சாக்கெட் வந்தால் அந்தக் குழியில் வைக்கும் மருந்திலும் இது இருப்பதுண்டு. ஆனால் அதை டாக்டர் அளவோடு வைக்கிறார். நாம் தைலத்தை அப்படியே பச்சைப் புண்ணில் விட்டால் சதை வெந்துபோகும். கிராம்பைக் கடித்தால் துணுக்கு குழிக்குள் போய்விடும். (நம்ம கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது தனிப் பெருமை.)

கண்டங்கத்திரிப் புகையில் பல் புழு விழும் என்பார்கள். பல்லில் புழுவே கிடையாது. 1728இலேயே பிரான்ஸ் நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் தன் புத்தகத்தில் இதை மறுத்துவிட்டார். புகையை இழுத்தால் ரத்தக்கட்டிதான் பெயரும். புகையிலை அதைவிட மோசம். நிக்கோடின் ரத்தக்குழாயைச் சுருக்கிப் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

உப்புத்தண்ணீருக்கு நான் முழு மார்க் போடுவேன், ஆனால் 24 மணி நேரம் கழித்து. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்துத் தலையை மெதுவாகச் சாய்த்து, தானாக வழியவிட வேண்டும். சாப்பிட்ட பிறகெல்லாம் செய்யலாம். மஞ்சள் போட்ட பாலை நன்றாக ஆறவைத்துக் குடிக்கலாம், சூடாக வேண்டாம். இஞ்சிப்பொடி இந்த வலியைக் குறைக்கிறது என்று 2017இல் வெளியான ஈரான் ஆய்வு ஒன்று சொல்கிறது. ஆனாலும் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை இதற்காக நிறுத்தக் கூடாது.

முதல் நாளில் மூலிகையைவிட ஐஸ்தான் உதவும். துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளியே 10, 15 நிமிடம் விட்டுவிட்டு வைக்க வேண்டும். (“சளி பிடிக்கும்டா” என்றுதான் அப்பாயி சொன்னார்கள். பிடிக்கவில்லை.)

வீட்டில் கிடக்கிறதே என்று ஆஸ்பிரின் மட்டும் போடாதீர்கள். வில்லோ மரப்பட்டையிலிருந்து தொடங்கி மாத்திரையான கதை அதற்கு உண்டு. ஆனால் அது ரத்தம் உறைவதைத் தடுக்கும். நம் வயதுப் பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.

மூன்றாம் நாள் வலி குறையாமல் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ அஞ்சறைப்பெட்டியைத் திறக்காமல் அன்றைக்கே சத்திரம் பஸ் ஏறிப் பல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

— பதினோராம் வகுப்பு மாணவன், உயிரியல் பிரிவு