எருக்குழியும் நம் உடல்நலமும்

போடிநாயக்கனூர் ஏலக்காயின் ஊர். மலையில் விளையும் ஏலம், ஏலத்திற்கு வருவது இங்கேதான். நாள்தோறும் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டுப் பாதையில் தோட்ட வேலைக்குச் செல்லும் தாய்மார்களையும் அக்காமார்களையும் நாம் நன்கு அறிவோம். களையெடுப்பும் காய் பறிப்பும் போக, நாற்றங்காலில் பை நிரப்பும் வேலையும் பெரும்பாலும் பெண்களுடையதே. காட்டு மேல்மண் மூன்று பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு எனக் கலந்து, பாலித்தீன் பைகளில் அள்ளி அள்ளி நிரப்பி, அதில் ஏல நாற்றை நடுகிறார்கள். இதே கலவையைச் சிறிய அளவில் நம் பள்ளித் தோட்டத்திலும் வீட்டு மாடியிலும் நாமும் பிசைகிறோம். கையுறை உண்டா என்றால், பெரும்பாலும் இல்லை.

மண்ணைத் தொட்டாலே நோய் வரும் என்று அஞ்சுவது மடமை. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் ஏற்கும் நாம் மண்ணைக் கண்டு அருவருக்கவும் இயலாது. ஒரு சிட்டிகை வளமான மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. பல நமக்கு உணவூட்டுபவை. ஆயினும் ஒரு சில உண்டு. அவை எவ்வழியே உடலுக்குள் புகும் என்பதை அறிந்தவருக்கு அச்சமும் இல்லை, நோயும் எளிதில் இல்லை.

முதலில் எரு எவ்வாறு உண்டாகிறது என்று பார்ப்போம். சருகு, சாணி, காய்கறிக் கழிவு ஆகியவற்றை ஈரத்துடன் குவித்து வைத்தால் நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு பெருகுகின்றன. அப்போது வெப்பம் பிறக்கிறது. நன்றாக அமைந்த குவியலின் உட்பகுதி சில நாட்களிலேயே 55 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். கையை உள்ளே விட்டால் சுடும். இவ்வெப்பம் சில நாட்கள் நீடித்தால் புழு முட்டைகளும், நோய்க்கிருமிகள் பலவும், களை விதைகளும் மடிகின்றன. ஆனால் குவியலின் ஓரமும் மேற்பரப்பும் அவ்வளவு சூடேறுவதில்லை. ஆகையால்தான் கிளறிப் புரட்டிப் போட வேண்டும் என்கிறார்கள். மெல்லிய குவியலாகக் கொட்டிப் புரட்டாமல் விட்டால் அது சூடேறாது, அழுகும், அவ்வளவே.

இங்கே ஒரு விந்தை உண்டு. வெப்பம் சில கிருமிகளைக் கொல்லும்போதே வேறு சிலவற்றை வளர்க்கிறது. எருக்குவியலைக் கிளறும்போது உள்ளே சாம்பல் பூத்தாற்போல் வெண்மையாகக் காண்கிறோம் அல்லவா? அது சாம்பலன்று, வெப்பத்தை விரும்பும் நுண்ணுயிர்களின் கூட்டம். எரு உலர்ந்தபின் கிளறினால் அவற்றின் வித்துகளும் பூஞ்சை வித்துகளும் புகையாக எழும்பும். 1932ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காம்ப்பெல் என்னும் மருத்துவர், பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கையாண்ட உழவர்களுக்கு வந்த மூச்சுத்திணறலைப் பற்றி எழுதினார். உழவர் நுரையீரல் என்று அதற்குப் பெயர் வந்தது. தூசியைச் சுவாசித்துச் சில மணி நேரம் கழிந்தபின் காய்ச்சலும் இருமலும் நடுக்கமும் வரும், மறுநாள் தணிந்துவிடும். சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று எண்ணி மீண்டும் அதே தூசிக்குப் போவோம். இப்படிப் பல ஆண்டுகள் சென்றால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும்.

இனித் தொட்டி மண்ணின் கதைக்கு வருவோம். 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் முன்னாள் படைவீரர்களின் மாநாடு ஒன்று நடந்தது. கலந்துகொண்டவர்கள் பலருக்குக் கடும் நிமோனியா கண்டது; பலர் இறந்தனர். மறு ஆண்டுதான் காரணமான கிருமி பிடிபட்டது. லீஜியன் என்னும் அப்படைவீரர் சங்கத்தின் பெயராலேயே அதற்கு லீஜியோனெல்லா என்று பெயரிட்டார்கள். அது நீரில் வாழும் கிருமி. அதன் உடன்பிறப்பு ஒன்று பின்னர் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் கண்டறியப்பட்டு லாங்பீச்சே என்று பெயர் பெற்றது. 1988–89இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் இருபதுக்கும் மேற்பட்டோர் இக்கிருமியால் நோயுற்றனர். விசாரித்தபோது அவர்களில் பலர் தோட்ட வேலையில் ஈடுபாடுடையோர் என்று தெரிந்தது. ஆய்வாளர்கள் தேடிச் சென்று, செடித்தொட்டிக்காகப் பைகளில் விற்கும் மண்கலவையிலிருந்தே அக்கிருமியைப் பிரித்தெடுத்தார்கள்.

அதன்பின் ஆஸ்திரேலியாவில் அத்தகைய பைகளின்மீது எச்சரிக்கை அச்சிடலாயினர். பின்னாளில் அங்கு நடந்த ஓர் ஆய்வு நம் கவனத்திற்குரியது. தோட்ட வேலைக்குப்பின் கை கழுவாமல் உண்டவர், பருகியவர் ஆகியோருக்கும், நீர் சொட்டும் தொங்குதொட்டிகளின் அருகே இருந்தோருக்கும் நோய் அதிகமாக வந்திருந்தது. மண்கலவையால் ஆபத்து வரலாம் என்று முன்பே அறிந்திருந்தவர்களுக்கோ குறைவாகவே வந்திருந்தது. அறிவே காப்பாயிற்று! நம் ஊரில் எரு டிராக்டரில் வருகிறது, சாக்கில் வருகிறது. அதில் எச்சரிக்கை ஏது? ஆகவேதான் இவ்வாண்டு மலரில் இதை எழுத நினைத்தோம்.

மேலைநாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். நம்மவர் ஒருவரின் பெயரும் இவ்வரலாற்றில் உண்டு. 1911இல் இரங்கூனில் விட்மோர் என்னும் மருத்துவரும் அவருடன் பணிபுரிந்த கிருஷ்ணசாமியும் இறந்தோரின் உடல்களைச் சோதித்தபோது அதுவரை எவரும் அறியாத ஒரு நோயைக் கண்டு, அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். மெலியோய்டோசிஸ் என்று இன்று அழைக்கப்படும் அந்நோயின் கிருமி, வெப்பநாடுகளின் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில் காயத்தின் வழியே புகும். சுவாசத்தின் வழியேயும் புகும். சில வேளை காசநோய் போலவே தோன்றி மருத்துவரையும் ஏமாற்றும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்நோயாளிகள் பலர் கண்டறியப்பட்டுள்ளனர். சர்க்கரை நோய் உள்ளவர்களையே இது பெரிதும் தாக்குகிறது. நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு எத்தனை? அப்பாவோ பாட்டியோ மழைநாளில் வெறுங்கையுடன் தொட்டி மண்ணைப் பிசைந்தால் நாம் தடுத்துக் கையுறையை நீட்டலாம்.

இரணஜன்னி எனும் டெட்டனஸ் எல்லாருக்கும் தெரிந்த பெயர். சாணியிலும் மண்ணிலும் உறங்கும் அதன் வித்து பல ஆண்டுகள் சாகாது. ஆழமாகக் குத்திய முள், துருப்பிடித்த தகரம், எருவில் கிடந்த கண்ணாடித்துண்டு ஆகியவை அதற்கு வாசல். பெரியம்மையைப்போல் இதை உலகிலிருந்து ஒழிக்க இயலாது. மண்ணே அதன் வீடாயிற்றே. நமக்கு 10 வயதிலும் 16 வயதிலும் அரசு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. கை வலிக்கும் என்று அன்று பள்ளிக்கு வராமல் இருந்துவிடும் தோழியர் இதைக் கவனிக்க! தாய்மார்களோ, கருவுற்ற காலத்தில் போட்ட ஊசி ஆயுளுக்கும் போதும் என்று எண்ணுகிறார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

வெறுங்காலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கெய்ரோவில் பணியாற்றிய லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், 1898 அளவில், கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருந்த நீரைத் தவறுதலாகத் தம் கையில் சிந்திக்கொண்டார். தோல் அரித்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே அப்புழுவின் முட்டைகள் தென்பட்டன. புழு வாய் வழியே மட்டுமன்று, தோலைத் துளைத்தும் புகும் என்று உலகம் அறிந்தது இப்படித்தான். நிழலும் ஈரமும் உள்ள மண் அப்புழுவுக்கு உகந்தது. ஏலத்தோட்டம் நிழலும் ஈரமுமே அல்லவா? புழு இரத்தத்தை உறிஞ்ச, சோகை வருகிறது. வகுப்பில் நமக்குத் தூக்கம் வருகிறது. மனித மலம் எருவில் சேரக்கூடாது, காலில் செருப்பாவது வேண்டும், பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையைத் துப்பாமல் விழுங்க வேண்டும்.

வேலை செய்யும் முறைக்கு வருவோம். எல்லாவற்றிலும் முதன்மையானது நீர். உலர்ந்த எருவைக் கிளறுமுன் பூவாளியால் மெல்லத் தெளித்து நனைக்க வேண்டும். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் நீர்த்துளிகளே கிருமியைச் சுமந்து எழும்பும். பையைக் காற்றோட்டமான வெளியில், முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு பிரிக்க வேண்டும்; வாசனை எப்படி என்று மூக்கை நுழைத்துப் பார்க்க வேண்டாம். முந்தானையால் மூக்கைப் பொத்துவது பெருந்தூசியைத் தடுக்கும். நுண்ணிய வித்துகளைத் தடுக்காது. அதற்கு என்-95 முகக்கவசமே ஏற்றது. ஆஸ்துமா உள்ள தோழிக்கு எருக்குழி வேலை கொடாமல் செடிக்கு நீரூற்றும் வேலை கொடுக்கலாம். கையில் கீறல் இருந்தால் கட்டுப் போட்டுக் கையுறை அணிக. வேலை முடிந்ததும் சோப்பினால் நகக்கண் வரை கழுவியபின்பே தூக்குச் சட்டியைத் திறக்க வேண்டும், வெற்றிலை மடிக்க வேண்டும். தோட்டத்தில் நீர் இல்லையே என்பார்கள். நாற்றுக்கு ஊற்ற நீர் இருக்கும் இடத்தில் கைக்கு ஒரு செம்பு நீர் கிடையாதா? சோப்பைத்தான் கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவுக்குப்பின்னும் வீட்டில் எவருக்கேனும் கடும் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்கல் வந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டாலும், கடந்த இரு வாரங்களில் எரு கிளறியதையோ பை நிரப்பியதையோ நாமே சொல்ல வேண்டும். ஏனெனில் லீஜியோனெல்லாவுக்குப் பென்சிலின் வகை மருந்து பயன்படாது. மெலியோய்டோசிசுக்கோ ஊசி மருந்தும், அதன்பின் மாதக்கணக்கில் மாத்திரையும் தேவை. எந்தச் சோதனையைச் செய்வது, எந்த மருந்தைத் தொடங்குவது என்று மருத்துவர் முடிவு செய்ய அந்த ஒரு வாக்கியம் உதவும்.