'கேர்டேக்கர்' என்னும் சொல்: இளம் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கடிதம்



ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்கத் தொடங்கும் ஒருவரை இடறச் செய்பவை பெரும்பாலும் அரிய சொற்கள் அல்ல. அரிய சொல்லைக் கண்டால் அவர் அகராதியைப் புரட்டுவார், நன்கு தெரிந்ததாகத் தோன்றும் சொல்லையோ ஐயுறாமல் கடந்துவிடுவார். 'கேர்டேக்கர்' அவ்வாறு கடந்து செல்லப்படும் சொற்களுள் ஒன்று. அடுக்குமாடிக் குடியிருப்பிலும் விருந்தினர் மாளிகையிலும் தமிழர் நாவில் அன்றாடம் புழங்குவதால், அதற்குக் 'காவலாளி' என்றோ 'பராமரிப்பாளர்' என்றோ எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அச்சொல் எங்கெங்கே எப்படி வழங்கியது என்பதை நின்று நோக்கினால், ஒரே தமிழ்ச் சொல்லை எல்லா இடத்திலும் அதற்கு ஈடாக வைக்க இயலாது என்பது விளங்கும்.

இச்சொல்லின் முற்பகுதியான 'கேர்' பழைய ஆங்கிலத்தில் துயரத்தையும் மனக்கவலையையும் குறித்தது. பேணுதல் என்னும் பொருள் பின்னர் வளர்ந்தது. பேணுதலையும் அக்கறையையும் குறிக்கும் லத்தீன் சொல்லான 'கூரா' ஒலியாலும் பொருளாலும் இதனோடு ஒத்திருப்பினும் அதன் வேர் வேறு. அந்த வேரிலிருந்து வந்ததே 'கியூரேட்டர்', அதாவது தமிழக அருங்காட்சியகங்களில் 'காப்பாட்சியர்' எனப்படும் பதவிப் பெயர். எனவே 'கேர்டேக்கர்' என்பவர், சொல்லமைப்பின்படி, ஒன்றைப் பற்றிய கவலையைத் தம்மேல் ஏற்றுக்கொள்பவர். 19ஆம் நூற்றாண்டில் பரவலான இந்தக் கூட்டுச்சொல் குறித்த கவலை பிறருடைய உடைமையைப் பற்றியது. பொறுப்பு உண்டு, உரிமை இல்லை; அதிகாரம் உண்டெனினும் அது பிறர் தந்தது, அவர் வேண்டும்போது திரும்பப் பெறக்கூடியது. அச்சொல்லின் வழக்குகள் பலவற்றையும் கோக்கும் நூல் இதுவே.

இந்த நூல் மிகக் கூர்மையாகப் புலப்படும் இடம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அயர்லாந்து. அங்கு 1879இல் தொடங்கிய நிலப்போராட்டக் காலத்தில், குத்தகைப் பணம் செலுத்தாத குடியானவரை வெளியேற்றிய நிலக்கிழார்கள், காலியான வீட்டையும் நிலத்தையும் தம் பிடியில் வைத்திருக்க அமர்த்திய ஆள் 'கேர்டேக்கர்' எனப்பட்டார். அக்கம்பக்கத்தார் கண்ணில் அவர் பகைவர். வெளியேற்றப்பட்ட குடியானவரே சில வேளைகளில் அதே வீட்டுக்குள் 'கேர்டேக்கர்' என்ற பெயரில் மீண்டும் அனுமதிக்கப்பட்டார். கூரையும் அடுப்பும் பழையவை, குத்தகை உரிமை மட்டும் போய்விட்டது. இவ்விடத்தில் 'பராமரிப்பாளர்' என்று எழுதினால், தம் வீட்டிலேயே பிறர் வீட்டைக் காப்பவராகிப்போன மனிதரின் இழப்பு முழுவதும் மறைந்துவிடும். 'உரிமை இழந்து காவலுக்கு இருத்தப்பட்டவர்' என்று சில சொற்கள் கூட்டி எழுதுவதே நேர்மையான பெயர்ப்பு ஆகும்.

ஆட்சியியலில் இதே சொல், தேர்தல் முடிவு வரும்வரையோ புதிய அமைச்சரவை பொறுப்பேற்கும்வரையோ நாட்டு நிர்வாகத்தை நடத்தி, பெரிய கொள்கை முடிவுகளைத் தவிர்க்கும் அரசைக் குறிக்கிறது. போர்க்காலக் கூட்டணி கலைந்த பின் 1945 மே முதல் ஜூலை வரை பிரிட்டனில் சர்ச்சில் நடத்திய அமைச்சரவைக்கும், 1979 ஆகஸ்டில் பதவி விலகிய பின் 1980 ஜனவரி வரை இந்தியாவில் சரண் சிங் தொடர்ந்து நடத்திய அரசுக்கும் இப்பெயர் வழங்கியது. தமிழ் இதழ்கள் இப்பொருளுக்குக் 'காபந்து அரசு' என்னும் தொடரை நிலைநாட்டிவிட்டன. குடியிருப்புக் காவலாளியை எவரும் 'காபந்து' என்பதில்லை. ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் வைத்திருப்பதைத் தமிழ் ஏற்கெனவே பிரித்துக்கொண்டுவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

கட்டடங்களைப் பொறுத்தவரை, ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது. இங்கிலாந்துப் பள்ளியின் 'கேர்டேக்கர்' ஸ்காட்லாந்தில் 'ஜேனிட்டர்' ஆகிறார். அமெரிக்காவில் 'ஜேனிட்டர்', 'கஸ்டோடியன்' இரண்டும் வழங்குகின்றன. 'ஜேனிட்டர்' என்பது கதவைக் குறிக்கும் 'யானுவா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பண்டைய ரோமில் அது வாயிற்காப்போனையும், பல வீடுகளில் வாயிலில் அமர்த்தப்பட்ட அடிமையையும் குறித்தது. காலப்போக்கில் வாயில் காத்தவரின் வேலை தரை துடைத்தல், குப்பை அகற்றல் என்று மாறியது, பெயர் மட்டும் நிலைத்தது. 1990 ஜூன் 15 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் செஞ்சுரி சிட்டியில் ஊர்வலம் சென்றபோது காவல்துறையின் தடியடிக்கு ஆளான 'ஜேனிட்டர்'கள், அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து குடியேறியவர்கள். வேரை மட்டும் பார்த்து அவர்களை 'வாயிற்காப்போர்' என்று எழுதுவது பிழை. 'தூய்மைப் பணியாளர்' என்பதே அங்குப் பொருந்தும். தமிழக வழக்கில் 'துப்புரவுப் பணியாளர்' என்பதற்கு மாற்றாக மதிப்புக் கருதி வந்த சொல் அது.

இலக்கியத்தில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. ஹெரால்ட் பின்டரின் 'தி கேர்டேக்கர்' 1960இல் லண்டனில் அரங்கேறிய நாடகம். போக்கிடமற்ற டேவிஸ் என்ற முதியவரை ஆஸ்டன் தம் அறைக்கு அழைத்து வருகிறார். வீடோ அவருடைய தம்பி மிக்கினுடையது. அந்த வீட்டின் 'கேர்டேக்கர்' வேலையை அண்ணனும் தம்பியும் தனித்தனியே டேவிஸுக்குத் தருவதாகச் சொல்கிறார்கள், அது அவர் கைக்கு வந்து சேர்வதே இல்லை. கவலையை ஏற்கவேண்டியவரே பிறர் கவனிப்புக்கு ஏங்குபவராக இருப்பதால், தலைப்பின் இரு பகுதிகளும் அவரைச் சுற்றி ஒலிக்கின்றன. பிரெஞ்சு மொழிபெயர்ப்பு காவலைக் குறிக்கும் சொல்லையும், ஜெர்மன் மொழிபெயர்ப்பு வீட்டையும் தலைமையையும் இணைக்கும் 'ஹவுஸ்மைஸ்டர்' என்ற சொல்லையும் தலைப்பாகக் கொண்டன. இரண்டும் அந்தந்த மொழியின் உயிருள்ள வழக்குகள், ஆனால் இரண்டிலும் 'கவலை' விடுபட்டது. தமிழில் இதனைச் செய்யப்புகுபவர் எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்பதை நாடகத்தை முழுதும் படித்த பின்னரே தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே, இச்சொல்லை எதிர்கொள்ளும் இளம் மொழிபெயர்ப்பாளர் மூன்று கேள்விகளுக்கு விடை காண்பது நலம்: காக்கப்படுவது எது, அது யாருடையது, காப்பவர் எவ்வளவு காலத்துக்கு அங்கிருக்கிறார். விடை கட்டடமானால் செய்யும் வேலையைப் பார்த்துக் 'காவலாளி', 'பராமரிப்பாளர்', 'தூய்மைப் பணியாளர்' என்பவற்றுள் ஒன்றும், ஆட்சியானால் 'காபந்து' என்பதும், மாணவர் விடுதியானால் 'காப்பாளர்' என்பதும் தாமே முன்வரும். எதுவும் பொருந்தாவிடில் 'கேர்டேக்கர்' என்றே எழுதுவதிலும் இழுக்கில்லை, ஏனெனில் அது தமிழ்ப் பேச்சில் குடியேறிவிட்ட சொல். இந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் பிறர் உடைமைக்காகக் கண்விழிக்கும் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் செய்யும் வேலை எது என்று அறிந்த பின்பே அவருக்குத் தமிழில் பெயரிடுக.