முதலில் துணி, அப்புறம்தான் மோட்டார்

கேள்வி: எனக்கு வயது 34, எடை 82 கிலோ. விசைத்தறிக்கூடம் வைத்திருக்கிறேன். ஒரு வருடமாக யூடியூபில் முதுகில் மோட்டாரைக் கட்டிப் பறக்கும் பாராமோட்டார் வீடியோக்களைப் பார்த்துத் தள்ளுகிறேன். துபாயிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் பழைய மோட்டாரையும் விங்கையும் சல்லிசாகத் தருகிறேன் என்கிறார். ஊருக்கு வெளியே எங்களுக்கு எட்டு ஏக்கர் காலி நிலம் இருக்கிறது. நானே பழகிக்கொள்ள முடியுமா? எத்தனை நாளாகும்?
– வாசகர், பல்லடம்

பதில்: நண்பருக்கு இன்னும் முன்பணம் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கொடுப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 82 கிலோ. மோட்டார், புரொப்பெல்லரைச் சுற்றிய கூண்டு, ஆள் உட்காரும் ஹார்னஸ் எல்லாம் சேர்த்து 28 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 10 லிட்டர் பெட்ரோல் ஏழரை கிலோ, தலைக்கு மேல் விரியும் துணியான விங் 6 கிலோ. ஹெல்மெட், பூட்ஸ், ரிசர்வ் பாராசூட் வகையில் நாலைந்து கிலோ. ஆக மொத்தம் 128 பக்கம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு விங்கிலும் ஒரு லேபிள் இருக்கும். குறைந்தபட்சம் எத்தனை கிலோ, அதிகபட்சம் எத்தனை கிலோ என்று அதில் போட்டிருப்பார்கள். நண்பருடையதில் அதிகபட்சம் 100 என்று இருந்தால் அந்தப் பேரம் அங்கேயே முடிந்தது. அளவுக்குச் சின்ன விங் வேகமாகப் போகும், வேகமாக இறங்கும், கை லேசாகத் தவறினாலும் வெடுக்கென்று திரும்பும். புதிதாகக் கற்பவருக்கு அது ஆகாது.

இன்னொன்று வெயில். விங் என்பது நைலான் துணி. வளைகுடா வெயிலில் பல வருடம் விரிந்து கிடந்த துணி எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஊரே துணித் தொழில்தான். பார்வைக்கு நன்றாக இருப்பதுபோலத் தோன்றலாம். ஆனால் பூச்சு போயிருக்கும், துணி வழியே காற்று கசியும். அப்படிப்பட்ட விங் தலைக்கு மேல் எழும்பாமல் பின்னாலேயே சோம்பி நிற்கும், காற்றில் எளிதாக ஸ்டால் ஆகும், அதாவது தூக்கும் விசையை இழக்கும். கசிவைக் கருவி வைத்து அளக்க வேண்டும், தொங்கும் நூல்களின் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும். அந்தச் சோதனைச் சீட்டு இல்லாத பழைய விங்கை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

இனி, நீங்களே பழகுவது பற்றி. நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுத்தவையாக இருக்கும். அங்கே 1982-ல் வந்த ‘பார்ட் 103’ என்ற விதிப்படி, ஒருவர் மட்டும் பறக்கும் 115 கிலோவுக்கு உட்பட்ட மோட்டார் சாதனத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை. பண்ணை வீட்டு வாசலிலிருந்து ஒருவர் ஓடி ஏறிப் போவது அதனால்தான். அங்கேயும் விவரம் தெரிந்தவர்கள் ஆசிரியர் இல்லாமல் தொடங்குவதில்லை என்பது வீடியோவில் வராது. இங்கே கதையே வேறு. மோட்டார் கட்டிப் பறப்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதிகளுக்குள் வருகிறது, உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். போதாக்குறைக்கு உங்கள் ஊருக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் சூலூர் விமானப்படைத் தளம். நிலம் எட்டு ஏக்கரும் உங்களுடையதாக இருக்கலாம், அதற்கு மேலே இருக்கும் வானம் உங்களுடையதல்ல. கடைசியில் எங்கே பறக்கப் போகிறீர்கள் என்பதை இப்போதே யோசியுங்கள், ஊரிலிருந்து தள்ளி வேறு இடமாகத்தான் அது இருக்கும்.

மோட்டாரை மறந்துவிட்டு முதலில் பாராகிளைடிங் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். மகாராஷ்டிரத்தில் புனேக்கு அருகே காம்ஷெட், இமாசலத்தில் பீர்-பில்லிங் ஆகிய இடங்களில் தொடக்கப் பயிற்சி கிடைக்கிறது. சமவெளிக்காரர்களுக்குத் தணிவான குன்றுகள் உள்ள காம்ஷெட் தோது. மோட்டாருக்கு வேலை தள்ளுவது மட்டும்தான். உங்களைத் தூக்குவது விங். விங்கைக் கையாளத் தெரியாதவர் முதுகில் 25 குதிரைசக்தி மோட்டாரை மாட்டினால், அதே தப்பை இன்னும் வேகமாகச் செய்வார்.

அங்கே முதல் சில நாள் உங்களைப் பறக்கவே விடமாட்டார்கள். தரையில் நின்று விங்கைக் கையாளும் பயிற்சிதான், அதற்குப் பேர் கிரவுண்ட் ஹேண்ட்லிங். காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி, விங்கைப் பார்த்தபடி நிற்பீர்கள். முன்வரிசை நூல்கள் சேரும் ஏ-ரைசரை இழுத்ததும் துணி உப்பி எழும், அவிழ்த்துவிட்ட கன்று மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும். எல்லோருக்கும் பிரேக்கைப் பிடித்து மல்லுக்கட்டத்தான் தோன்றும். செய்ய வேண்டியது வேறு: விங் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நீங்களும் நகர்ந்து அதன் அடிக்குப் போய் நிற்பது. இது புத்தியால் வராது, காலால்தான் வரும். கண்ணை மூடிக்கொண்டே விங்கைத் தலைக்கு மேல் நிறுத்தி வைக்க முடிகிற அன்றைக்கு மோட்டாரைப் பற்றிப் பேசலாம்.

மோட்டாரோடு ஏறுவதில் கற்பவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. காற்றில்லாத காலை. விங் பின்னால் குதிரை லாட வடிவில் விரிந்து கிடக்கிறது. ஓடுகிறீர்கள், விங் தலைக்கு மேல் வந்துவிட்டது, த்ராட்டிலை அழுத்துகிறீர்கள். பாரம் குறைவதை உணர்ந்ததும் ‘ஏறிவிட்டோம்’ என்று காலை மடக்கி சீட்டில் உட்காரத் தோன்றும். விங் இன்னும் முழுப் பாரத்தையும் ஏற்கவில்லை. உட்கார்ந்தீர்களோ, கூண்டு தரையில் மோதும், புரொப்பெல்லர் தூள்தூளாகும், முதுகெலும்புக்கும் உத்தரவாதமில்லை. கால் தானாகத் தரையை விட்டு எழும்பும்வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் குனிந்தும் ஓடக் கூடாது. குனிந்தால் மோட்டார் உங்களைத் தரையை நோக்கித்தான் தள்ளும். நெஞ்சை நிமிர்த்தி ஓடினால்தான் முன்னுக்குத் தள்ளும்.

பறக்கும்போது நேரும் விபத்துதான் எல்லோர் நினைவுக்கும் வரும். ஆனால் கை விரல்களும் மணிக்கட்டும் போவது பெரும்பாலும் தரையில் நிற்கும்போது, மோட்டாரை ஸ்டார்ட் செய்கையில். த்ராட்டில் கேபிள் எங்கோ சிக்கியிருப்பதைக் கவனிக்காமல் கயிற்றை இழுப்பார்கள், மோட்டார் முழு வேகத்தில் உயிர்பெற்று ஆள்மேல் பாயும். 70 கிலோ விசை, தடுக்கப்போன கை கூண்டு வலையைத் தாண்டி உள்ளே போய்விடும். த்ராட்டிலும் அணைக்கும் பொத்தானும் கையில் இருக்க, கூண்டு ஏதாவதொன்றில் ஊன்றியிருக்க, அதன் பிறகே ஸ்டார்ட். பக்கத்தில் வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை நன்றாகத் தள்ளி நிறுத்துவதும் உங்கள் பொறுப்பு.

உங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றுக்குத்தான் அத்தனை காற்றாலைகளை அங்கே நட்டிருக்கிறார்கள். விங்கின் சொந்த வேகமே மணிக்கு 35, 40 கிலோமீட்டர்தான். எதிர்க்காற்று அதே அளவு வீசினால் அந்தரத்தில் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள், கூடினால் பின்னோக்கிப் போவீர்கள். கற்பவருக்குக் காற்று 15-ஐத் தாண்டக் கூடாது. பொங்கலுக்குப் பிறகு வரும் காலைகள் நல்லவை, சூரியன் உதித்து இரண்டு மணி நேரம் வரை. பத்து மணிக்கு மேல் தரை சூடேறித் தெர்மல் என்ற வெப்பக் காற்று கிளம்பினால் விங் ஒரு பக்கம் மடியக்கூடும். காற்றாலை இருந்தால் மின்கம்பிகளும் இருக்கும். மேலிருந்து பார்த்தால் கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத் தேடித்தான் கம்பியைக் கண்டுபிடிக்க வேண்டும். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலையும் லேசாக எண்ண வேண்டாம். ஹார்னஸ் கட்டியிருக்கும், முதுகில் மோட்டார், நனைந்த நூல்கள் காலைச் சுற்றும். அந்த நிலையில் நெஞ்சளவுத் தண்ணீர் போதும் ஆளை மூழ்கடிக்க.

எத்தனை நாள்? எட்டு, பத்து நாள் என்று பள்ளிகள் சொன்னால் அது வானிலை ஒத்துழைக்கும் நாட்களின் கணக்கு, தறியை நிறுத்திவிட்டு நீங்கள் போயிருக்கும் நாட்களின் கணக்கல்ல. அதன் பிறகுதான் மோட்டார், அதுவும் ஆசிரியர் ரேடியோவில் கூடவே இருக்கும்போது.

கேள்வி: பறக்கும்போது என்ஜின் நின்றுவிட்டால் கீழே விழுந்துவிடுவோமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: மாட்டோம். அப்போதும் அது ஒரு பாராகிளைடர்தான். காற்றில்லாத நேரத்தில் 100 மீட்டர் உயரத்திலிருந்து சுமார் 600 மீட்டர் தூரம் சறுக்கி வரலாம், இறங்க ஒரு நிமிடம் போல ஆகும். இறங்கும்போது என்ஜினை வேண்டுமென்றே அணைப்பவர்களும் உண்டு. சிக்கல் வேறு இடத்தில். இந்த டூ-ஸ்ட்ரோக் என்ஜின்கள் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும் சுபாவம் உடையவை. ஆகவே தென்னந்தோப்புக்கு மேலேயோ குளத்துக்கு மேலேயோ தாழ்வாகப் போனவர், என்ஜின் நின்றதும் எங்கே இறங்குவது என்று தேட வேண்டியிருக்கும். ஒவ்வொரு நிமிடமும் இறங்க ஒரு காலியிடம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: வயது 58. முழங்கால் வலி உண்டு. சக்கரம் வைத்த பாராமோட்டாரில் ஓட வேண்டியதில்லையாமே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ட்ரைக் என்பார்கள். ஓட வேண்டாம், பாரம் சுமக்க வேண்டாம், உண்மைதான். ஆனால் மேடுபள்ளமில்லாத நீளமான தரை வேண்டும், வயல் வரப்பு உதவாது. பக்கக்காற்றில் விங் ஒரு புறம் சாய்ந்தால் ஓடி ஏறுபவர் நகர்ந்து சமாளிப்பார், ட்ரைக் குடைசாயும். கிரவுண்ட் ஹேண்ட்லிங் பயிற்சியில் நின்று நகர்ந்துதான் ஆக வேண்டும். அதற்கு முழங்கால் தாங்குமா என்று எலும்பு டாக்டரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். தாங்காது என்றால், ஆசிரியரோடு இருவராக ஒருமுறை பறந்து பாருங்கள்.