மாடு போனால் முக்கால் விலை

கேள்வி: 2024இல் டெக்சாஸ் காட்டுத்தீயில் ஆயிரக்கணக்கான மாடுகள் மடிந்தனவே, இப்படி இழந்தால் வளர்த்தவர்களுக்கு அரசு ஏதாவது தருமா?

தரும். தங்கள் கவுண்டிக்குரிய மத்திய வேளாண் துறை அலுவலகத்தில் மனுக் கொடுத்தால், சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம் கிடைக்கும். ஆனால் வழக்கமாகவே சாகக்கூடிய எண்ணிக்கையைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள். தீக்காயம் பட்டு அடிமாட்டு விலைக்குப் போனவற்றுக்கும், விற்ற தொகை போக இழப்பீடு உண்டு. நல்ல ஏற்பாடு இது. பிழைத்த மாடுகளின் தீவனத்துக்கும் எரிந்த வேலிக்கும் தனித் திட்டங்கள் இருக்கின்றன. 10 லட்சம் ஏக்கருக்கு மேல் கருகிய அந்தத் தீயில் வேலிச் செலவே பெரும் சுமை.

எதற்கும் அத்தாட்சி வேண்டும்: புகைப்படம், கால்நடை மருத்துவர் சான்று, வாங்கிய ரசீது. துக்கத்தில் இருப்பவரிடம் இதைக் கேட்பது கொடுமைதான். ஆனாலும் படம் எடுக்காமல் புதைத்துவிடக் கூடாது.