டைஸுக்கு ஜாதி தெரியுமா?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' முதல் எபிசோட் பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாலு பசங்க பேஸ்மென்ட்ல உக்காந்து டைஸ் உருட்டி விளையாடுவாங்க. அதுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974-ல் வெளிவந்த விளையாட்டு. ஒருத்தர் கேம் மாஸ்டர், அவர் உலகத்தை நடத்துவார். மத்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம்.

இந்த விதிகளை வெச்சு நாமளே ஒரு கற்பனை உலகத்தை உருவாக்கலாம். சரி, அந்த உலகத்துல பிறப்பை வெச்சு மேல், கீழ் பிரிக்கிற சமூகம் இருந்தா அதை விதியில எப்படி எழுதுவீங்க? 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பை அடிப்படையா வெச்சுப் பார்ப்போம்.

1. ஸ்டாட்ல கை வைக்காதீங்க

எல்லாருக்கும் முதல்ல தோணுற ஐடியா: மேல் ஜாதிக்கு அறிவு +2, உழைக்கும் ஜாதிக்கு பலம் +2. 2014 புத்தகத்துல எல்ஃபுக்கு வேகம் +2, ஹாஃப் ஆர்க்குக்கு பலம் +2 இருக்கே, அதே மாதிரி.

இங்கேதான் நிக்கணும். அப்படி எழுதினா, "பிறப்புதான் திறமையைத் தீர்மானிக்கும்"னு ஜாதி சொல்ற பொய்யை உங்க ரூல்புக்கே உண்மையாக்கிடும். அந்த உலகத்துல ஒதுக்குறவன் பொய் சொல்லல, கேரக்டர் ஷீட்டைப் படிக்கிறான்னு ஆயிடும். அந்த விளையாட்டே இப்போ மாறிடுச்சு. 2020-ல் வந்த துணைப் புத்தகம் அந்தப் புள்ளிகளை விருப்பப்பட்ட இடத்துல போட அனுமதிச்சது. 2024 பதிப்புல அவை பிறப்பை விட்டு, வளர்ந்த பின்னணிக்குப் போயிடுச்சு.

முதல் விதி: பிறப்புக்கு ஸ்டாட்ல பூஜ்யம்.

2. உலகத்துல வையுங்க

நம்ம கற்பனை ஊருக்கு ஐந்து படிகள்னு வைப்போம். மாறன் முதல் படி, நீலா ஐந்தாம் படி. ரெண்டு பேருக்கும் பேச்சுத் திறமை +5. அரண்மனைக் களஞ்சியத்துக் கணக்கரிடம் நெல் கேக்குறாங்க. இலக்கு 15. அதாவது 20 முக டைஸ்ல 10 அல்லது அதுக்கு மேல விழணும். 11/20, அதாவது 55%.

இப்போ ஐந்தாம் பதிப்பின் ஒரு வசதியை எடுத்துக்கலாம். சாதகம் இருந்தா ரெண்டு டைஸ் உருட்டி பெரியதை எடுப்போம். பாதகம் இருந்தா சின்னதை எடுப்போம். கணக்கர் இரண்டாம் படி. தன்னைவிட மேல இருக்கிறவருக்குச் சாதகம், கீழ இருக்கிறவருக்குப் பாதகம்.

மாறனுக்கு: 1 − (0.45 × 0.45) = 79.75%.
நீலாவுக்கு: 0.55 × 0.55 = 30.25%.

நம்பலைன்னா பைத்தான்ல ஒரு லூப் போட்டு ஓட்டிப் பாருங்க. அதே திறமை, அதே டைஸ், அதே இலக்கு. ஆனா வித்தியாசம் கிட்டத்தட்ட 50 சதவீதப் புள்ளிகள். அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் களஞ்சியச் சுவர் ஏறுறாங்க. ஏறும் திறமையும் சமம்னா ரெண்டு பேருக்கும் அதே 55% தான். சுவருக்கு ஜாதி தெரியாது. மனுஷங்க நடுவுல இருக்கும்போது மட்டும்தான் இந்த விதி வேலை செய்யணும்.

3. ரெண்டு பிரிவு போதாது

மேல், கீழ்னு ரெண்டே பிரிவு வெச்சா அது வெறும் பணக்காரன், ஏழை கதை. ஜாதி ஒரு ஏணி. ஒவ்வொரு படிக்கும் கீழே மிதிக்க இன்னொரு படி உண்டு. அதனாலதான் நடுவுல இருக்கிறவங்க ஏணியை உடைக்க வர மாட்டாங்க. 1936-லேயே அம்பேத்கர் 'சாதியை ஒழித்தல்' நூலில் இதை விளக்கியிருக்கார். ஆகவே யாரோடு யார் பேசுறாங்கன்னு ரெண்டு படி எண்ணை ஒப்பிடுங்க. அதே கணக்கர் மாறனிடம் ஏதாவது கேக்கணும்னா, இப்போ பாதகம் அவருக்கு.

'லெஜண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ்' விளையாட்டுல ஜப்பானிய சாயல் கொண்ட ஓர் உலகம். அதுல மானம், புகழ், அந்தஸ்து மூணுக்கும் தனித்தனி எண். அதையும் கடன் வாங்கலாம். நீலா டிராகனையே கொன்னாலும் புகழ் ஏறும், அந்தஸ்து அசையாது.

4. ஊர்விலக்கு விதி

மாறன் நல்லவன், நீலாவோட உக்காந்து சாப்பிடுறான். இதுக்கு விலையே இல்லைன்னா உங்க உலகம் பொய். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூணு கட்டம் வரையுங்க. கீழ்ப்படி ஆளோடு சேர்ந்து உண்டால், அவருக்காகச் சாட்சி சொன்னால் ஒரு கட்டத்துல டிக். மூணாவது டிக்ல சொந்தக்காரங்களே ஒதுக்கி வெச்சிடுவாங்க, சாதகம் எல்லாம் போச்சு.

ஆனா ஒவ்வொரு டிக்குக்கும் நடுவுல இருக்கிற கிண்ணத்துல ஒரு காசு விழும். ஒரு காசு போட்டா ஒரு பாதகம் ரத்து. அந்தக் காசை எப்போ செலவு பண்றதுன்னு முடிவு பண்ற உரிமை கீழ்ப்படி பாத்திரங்களுக்கு மட்டும். இல்லைன்னா மாறன் வந்து எல்லாரையும் காப்பாத்துற படமா முடிஞ்சிடும்.

ஏணி உடையவும் வழி வேணும். பொதுக்கிணறு போராடித் திறக்கப்பட்டால் மேப்ல அந்த இடத்தைச் சுத்தி வட்டம் போடுங்க. அங்கே இனி யாருக்கும் பாதகம் கிடையாது.

5. உருட்டுறதுக்கு முன்னாடி

இதுதான் முக்கியம். ஒருத்தருக்கு இது ஃபேன்டஸி. பக்கத்துச் சேர்ல இருக்கிறவருக்கு இது போன லீவுக்கு ஊருக்குப் போனப்ப நடந்ததா இருக்கலாம். அதனால:

நிஜ ஜாதிப் பெயர் எதுவும் வேண்டாம்.
யாரிடமும் அவங்க ஜாதியைக் கேக்காதீங்க, ஊகிக்காதீங்க.
எந்தப் படின்னு அவங்கவங்களே தேர்ந்தெடுக்கட்டும்.
எது கதையில வரவே கூடாதுன்னு முன்கூட்டியே பேசுங்க.
ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய 'எக்ஸ் கார்டு' முறையைப் பயன்படுத்துங்க. மேஜை நடுவுல எக்ஸ் போட்ட ஒரு அட்டை. யார் தொட்டாலும் அந்தக் காட்சியை விட்டுடணும், காரணம் கேக்கக் கூடாது.

முதல் தடவைக்குப் பெரிய கதை வேண்டாம். ஒரு கிணறு, ஒரு காவல்காரர், நாலு பாத்திரங்கள், ரெண்டு மணி நேரம் போதும். ஆடி முடிச்சதும் கேரக்டர் ஷீட்டை எல்லாம் வரிசையா வெச்சுப் பாருங்க. ஸ்டாட்ல ஒரு வித்தியாசமும் இருக்காது. அப்புறம் எப்படி ஒருத்தருக்கு மட்டும் தண்ணி கிடைக்கலைன்னு மேஜையில பேசுங்க.