தாராவி வீடுகளுக்கு ஓர் ஆலோசகர்

பி.ஏ. உளவியல் முடித்திருக்கிறேன். குழந்தைகள், குடும்பங்களுக்கான ஆலோசகராக ஆசை. ‘சம்பளம் தேறாது, மும்பையில் தமிழை வைத்து என்ன செய்வாய்?’ என்கிறார்கள் வீட்டில். – வாசகி, செம்பூர்

தைரியமாக இறங்குங்கள். உங்களுக்குப் பக்கத்தில் தேவ்னாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1937-லேயே குழந்தைகள் வழிகாட்டு மையம் தொடங்கியது. 1984-ல் மும்பை போலீஸோடு சேர்ந்து பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவையும் அமைத்தது. இந்த வேலைக்கு முறையான பயிற்சி தேவை என்பது இந்த ஊரில் என்றோ முடிவான விஷயம். எனவே வார இறுதிச் சான்றிதழ்களில் பணத்தை இறைக்காமல், உளவியல் ஆலோசனையிலோ சமூகப் பணியிலோ முழுநேர முதுகலை படியுங்கள். அங்கே களப்பயிற்சிதான் உயிர். தாராவியில் எட்டாம் வகுப்புப் பையன் திடீரென்று பள்ளிக்குப் போக மறுத்தால், தோல் பட்டறையில் அப்பாவுக்கு வேலை போயிருக்கலாம். ஒற்றை அறையில் ராத்திரியெல்லாம் சண்டை நடக்கலாம். அதை அவன் அம்மா இந்தியில் திக்கித் திணறிச் சொல்வதைவிட, திருநெல்வேலித் தமிழில் கொட்டித் தீர்ப்பது எளிது. ஆக, உங்கள் தமிழ் வீண் போகாது. ஆனால் போலீஸ் நிலையத்திலும் சயான் மருத்துவமனையிலும் மராத்தி வேண்டும். அதையும் இப்போதே பேசிப் பழகுங்கள்.

சம்பளம் ஆரம்பத்தில் சுமார்தான். ஆனால் உயர்நிலை வகுப்புகள் நடத்தும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது விதி. குடும்பங்களோடு இரண்டு மூன்று வருடம் பழகிய அனுபவத்தோடு அங்கே விண்ணப்பியுங்கள்.