தையில் சாயும் காலேடியம்

"செடி செத்துப்போச்சு, தூக்கிப் போடுங்க." தைப்பூசம் நெருங்கும்போது வடலூர்ப் பக்கத்து வீடுகளில் காலேடியம் தொட்டிக்குக் கிடைக்கும் தீர்ப்பு இது. ஐப்பசி மழையில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளியிட்டுத் தளதளவென்று நின்ற இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து, காம்பு துவண்டு, தொட்டி விளிம்பில் சாயும். பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் செடி சாகவில்லை. மண்ணை விரலால் கிளறிப் பாருங்கள். உள்ளே சின்னக் கிழங்கு இருக்கும். அழுத்தினால் கெட்டியாக இருந்தால் அதற்கு உயிர் இருக்கிறது. காலேடியத்தின் பூர்வீகம் தென் அமெரிக்கா. மழைக்காலத்தில் தழைத்து, வறண்ட மாதங்களில் கிழங்குக்குள் ஒடுங்குவது அதன் பிறவிக் குணம். நம் கடலூர் மாவட்டத்திலும் மார்கழியோடு பருவமழை ஓய்கிறது, செடியும் ஒடுங்குகிறது.

அந்த நேரத்தில் பாசத்தோடு ஊற்றும் தண்ணீர்தான் அதைக் கொல்கிறது. இலை இல்லாத கிழங்கு ஈரத்திலேயே கிடந்தால் அழுகிவிடும். தண்ணீரை நிறுத்தி, தொட்டியை நிழலான மூலையில் வைத்துவிடுங்கள். கோடை மழை சமயத்தில் சுருண்ட தளிர் தலைகாட்டும். அப்போது ஊற்ற ஆரம்பித்தால் போதும். இன்னொன்று, நம்மூர்ச் செம்மண்ணை மட்டும் போட்டு நிரப்பினால் தொட்டிக்குள் இறுகிப்போகும். மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்துகொள்ளுங்கள்.

"கலர் ஏறணும்னா வெயில்ல வை" என்பது பாதிதான் சரி. குரோட்டன்ஸுக்கு அது பொருந்தும். நிழலில் வைத்தால் புது இலைகள் பச்சையாகவே வரும். காலேடியத்தின் வெள்ளைப் பகுதியிலோ பச்சையம் மிகக் குறைவு. சித்திரை உச்சிவெயில் அதைக் கருக்கிவிடும்.

வீட்டுக் காற்றைச் செடிகள் சுத்தம் செய்யும் என்ற பேச்சு, 1989இல் வெளிவந்த நாசா ஆய்விலிருந்து பரவியது. அது மூடிய பெட்டிக்குள் நடந்த சோதனை. அத்தகைய சோதனைகளை அலசி 2019இல் வெளியான ஆய்வு, வழக்கமான காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகள் வேண்டும் என்கிறது. செடியை அழகுக்காக வாங்குங்கள். காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

என்னை அதிகம் வருத்துவது வாட்ஸ்அப் வதந்திதான். டைபன்பாக்கியா இலையைக் கடித்தால் ஒரு நிமிடத்தில் குழந்தை செத்துவிடுமாம். பயந்துபோய் நல்ல செடிகளைப் பிடுங்கி எறிகிறார்கள். இலையிலும் தண்டிலும் இருப்பவை கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள். சரியாக வேகாத சேனையும் சேம்பும் நாக்கை அரிப்பதும் இதே படிகங்களால்தான்; எல்லாம் ஒரே குடும்பம். டைபன்பாக்கியாவைக் கடித்தால் வாய் எரியும், நாக்கு வீங்கும், எச்சில் வழியும். உயிர் போவது மிக மிக அரிது.

அதற்காக அலட்சியம் கூடாது. தவழும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தொட்டியை வையுங்கள். கிளையை வெட்டும்போது கையுறை போடுங்கள். குழந்தை கடித்துவிட்டால் வாயைத் துடைத்துக் கொப்பளிக்க வைத்து, குளிர்ந்த பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டை வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். செடியின் சாறு கண்ணில் தெறித்துவிட்டால் 15 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.